நான்காவது காலுக்குத் தகடு இல்லை: ஒரு பழைய லேத்தை வாங்கும் முன் பார்த்தது

பச்சைப் பெயின்ட் விரலில் ஒட்டியது. அடித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. லேத்தின் ஹெட்ஸ்டாக்கின் (வேலையைச் சுழற்றும் தலைப்பகுதி) முன்பக்கத்தில் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள் மட்டும். அவற்றுக்குள்ளும் பச்சை. பெட் (எல்லாவற்றையும் தாங்கும் நீள அடிப்பாகம்) முழுக்கத் தாராளமாகக் கிரீஸ்.

"கண்டிஷன் சூப்பருங்க. ஷாஃப்ட் வேலை மட்டுந்தான் ஓடிட்டு இருந்துச்சு" என்றார் விற்பவர்.

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த பட்டறை அது. ஆறடி லேத், சென்டர் உயரம் (பெட்டிலிருந்து சுழலும் அச்சு வரை) ஆறரை இன்ச், அதாவது 165 மி.மீ. கேட்ட விலை 1,40,000 ரூபாய். பதினோரு வருஷம் அடுத்தவர் லேத்தில் நின்றவன் நான். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டாயிற்று. எனக்கு வரக்கூடிய வேலை என்ன என்பதும் தெரியும்: பம்ப் புஷ் (தண்டு சுழல உள்ளே போடும் குட்டிக் குழல்), மோட்டார் எண்டு கவர், சின்னச் சின்ன பின், எப்போதாவது ஒரு நீள ஷாஃப்ட். இந்தக் கணக்கு கடைசியில் உதவியது என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

போகும் முன்

தனியாகப் போகவில்லை. எங்கள் தெருவில் டூல்ரூமில் முப்பத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். தெருவே அவரை ஃபோர்மேன் என்றுதான் கூப்பிடும். வருகிறீர்களா என்று கேட்டதும் அவர் சொன்னது இதுதான்: "போன் பண்ணி, நாங்க வர்ற வரைக்கும் மெஷினை ஓட்ட வேண்டாம்னு சொல்லிடு கண்ணு."

ஆறிக் கிடக்கும் மெஷின் கிளம்பும்போது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் ஓட்டி, சூடானதும் சத்தம் மாறுகிறதா என்று கேட்க வேண்டும். பழைய மெஷினில் 140 நம்பர் கியர் ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அடக்கி வைக்கும் வழக்கம் உண்டு. சூடேறி ஆயில் இளகினால் அடங்கியிருந்ததெல்லாம் வெளியே வந்துவிடும்.

பையில் எடுத்துப் போனவை: மேக்னட் ஸ்டாண்டுடன் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் கருவி), 25–50 மி.மீ. மைக்ரோமீட்டர், டார்ச், மண்ணெண்ணெய், பழந்துணி, இரண்டடிக் குழாய் ஒன்று, 40 மி.மீ. விட்டத்தில் ஓரடி நீள இ.என்.8 ஸ்டீல் ராடு, ஒரு ஸ்பிரிட் லெவல். லெவல் ஒன்றும் பெரிய ஜாதி இல்லை. ஒரு கோட்டுக்கு மீட்டருக்கு 0.1 மி.மீ. சாய்வு காட்டும் சாதா லெவல். 0.02 லெவல்தான் வேண்டும் என்று நான் சொன்னபோது ஃபோர்மேன் சிரித்தார். "பழைய மெஷினுக்கு அதை வச்சா குமிழ் கண்ணாடிக்குள்ளயே நிக்காது."

கிரீஸைத் துடைத்தபின்

முதல் வேலை துடைப்பது. விற்பவருக்கு அது பிடிக்காது. பிடிக்கவில்லை என்றாலும் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய்த் துணியால் பெட் முழுவதையும் துடைத்ததும் லேத் ஐம்பது வயது கூடிவிட்டது போல் தெரிந்தது.

யார் செய்த மெஷின் என்று சொல்லப் பெயர்ப்பலகை இல்லை. பழைய லேத் சந்தையில் நம் பக்கம் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, 1953-இல் சுவிஸ் ஓர்லிகான் கூட்டில் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி., 1941-இல் ஹரிஹரில் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர் போன்ற பெரிய இடத்து மெஷின்கள். மற்றொன்று, பஞ்சாபின் படாலாவிலும் குஜராத்தின் ராஜ்கோட்டிலும் இருந்து லாரி லாரியாக வந்த மெஷின்கள். முதல் வகைக்குப் பெயருக்கே ஒரு விலை உண்டு. இங்கே பெயர் இல்லை. அதனால் பேரத்தில் அதைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் வயதைக் கொஞ்சம் ஊகிக்கலாம். மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூ மேல் ஸ்கேலை வைத்தேன். ஒரு இன்ச்சுக்கு நான்கு மரை. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு டயலில் நூறு கோடு, கோட்டுக்கு ஒரு தௌ, அதாவது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முழுக்க இன்ச் மெஷின். நம் நாட்டில் மெட்ரிக் சட்டம் வந்தது 1956-இல். பட்டறைகள் அதற்குப் பிறகும் பல வருஷம் இன்ச்சை விடவில்லை என்பது வேறு கதை. (எங்கள் ஊரில் பைப்பையும் பலகையையும் இன்றைக்கும் நூல் கணக்கில்தான் கேட்கிறார்கள்.) கோன் புல்லி, தட்டை பெல்ட், பின்னால் கவுண்டர் ஷாஃப்ட், ஸ்பிண்டிலுக்கு (வேலையைச் சுழற்றும் தண்டு) கன்மெட்டல் (வெண்கல வகை) பேரிங். அறுபதுகளாக இருக்கலாம் என்றார் ஃபோர்மேன். அதற்கு மேல் ஆராயவில்லை.

பெட்டில் எழுதியிருந்த வரலாறு

பழைய லேத்தின் பெட் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. டூலைத் தாங்கிப் பெட் மேல் ஓடும் சேடில் அதிகம் உலாவும் இடம் தேயும். மற்ற இடம் புதிதாகவே நிற்கும். அதனால்தான் டெயில்ஸ்டாக் (வேலையின் மறுமுனையைத் தாங்குவது) பக்கம் நின்று பெட்டைப் பார்த்து "பளபளன்னு இருக்கே" என்று சொல்பவரை நம்பக் கூடாது. ஹெட்ஸ்டாக்கை ஒட்டி, சேடிலின் இறக்கை போய்ச் சேராத மூலை ஒன்று இருக்கும். முன்பக்க வி-யில் (சேடில் ஓடும் வி வடிவ வழி) அந்த மூலையிலிருந்து நகத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தேன். நகம் ஒரு படியில் இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத படி, நகத்துக்குத் தெரிந்தது.

எவ்வளவு என்று அளக்க வேண்டும். இதற்கு ஸ்ட்ரெய்ட் எட்ஜ் எல்லாம் தேவைப்படவில்லை. இந்த லேத்தில் சேடிலுக்குத் தனி வழி, டெயில்ஸ்டாக்குக்கு உள்ளே தனி வழி. டெயில்ஸ்டாக் நின்ற இடத்திலேயே நிற்பதால் அதன் வழி அவ்வளவாகத் தேயாது. டெயில்ஸ்டாக்கைக் கழற்றி வைத்துவிட்டு, சேடில் மேல் டயலை நிறுத்தி, அதன் முள்ளை டெயில்ஸ்டாக் வழியில் தொட வைத்தோம். வால் பக்கம், அதாவது டெயில்ஸ்டாக் பக்கம், டயலைப் பூஜ்யத்தில் வைத்து, சேடிலை வேலையைப் பிடிக்கும் சக்கை நோக்கி மெல்ல நகர்த்தினோம். டெயில்ஸ்டாக்கின் முன் வி-யில் 0.10 மி.மீ. இறக்கம். பின்பக்கப் பிளாட்டில் 0.05. சக்கிலிருந்து ஏறக்குறைய 350 மி.மீ. வரை இறக்கம் அப்படியே இருந்தது. அதன்பின் சிறுகச் சிறுக ஏறி, 900 அளவில் பூஜ்யம்.

0.10 என்றால் அதிகமா? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறியவன்தான்.

சேடில் நேராகக் கீழே இறங்கினால் அதனால் கெடுதல் அநேகமாக இல்லை. டூல் முனை சென்டருக்கு 0.08 மி.மீ. கீழே போனது என்று வைத்துக்கொள்வோம். 25 மி.மீ. விட்ட வேலையில் அதனால் விட்டம் மாறுவது அரை மைக்ரான் அளவு. வட்டத்தின் பக்கவாட்டில் அந்த இடம் கிட்டத்தட்டச் செங்குத்தாக இருப்பதால் அப்படி. அதை மறந்துவிடலாம். கெடுதல் எங்கிருந்து வருகிறது என்றால், முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு இறங்கவில்லை என்பதிலிருந்து. முன்பக்கம் 0.05 கூடுதலாக இறங்கியதால் சேடில் நம் பக்கம் சாய்கிறது. டூல் முனை பெட்டுக்கு 165 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் இருப்பது அதிகமாகச் சாயும், தென்னை மரம் மாதிரி. அளந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடைவெளி 120 மி.மீ. 0.05-ஐ 120-ஆல் வகுத்து 165-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 0.07. அவ்வளவு தூரம் டூல் வேலையைவிட்டு விலகி நிற்கும். விட்டத்தில் அது இரட்டிப்பு: 0.14 மி.மீ.

ஆக, இந்த லேத்தில் ஒரு மீட்டர் ஷாஃப்டைக் கடைந்தால் சக் பக்கம் 0.14 பருத்திருக்க வேண்டும். ஷாஃப்ட் வேலைக்கு அது உதவாத மெஷின். ஆனால் 60 மி.மீ. புஷ்ஷுக்கு? முதல் 350 மி.மீ. முழுக்க இறக்கம் ஒரே அளவு என்பதால் புஷ்ஷின் இரண்டு முனைக்கும் வித்தியாசம் ஒன்றுமே வராது.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஷாஃப்ட் மட்டுமே ஓடிய மெஷின் என்றால் தேய்மானம் பெட் நெடுகப் பரவியிருக்க வேண்டாமா? இது சக்கை ஒட்டிய ஒரு முழத்தில் அல்லவா தேய்ந்திருக்கிறது?

ஃபோர்மேன் சேடில் முனையில் இருந்த வைப்பர் தகட்டைக் கழற்றச் சொன்னார். உள்ளே இருந்த ஃபெல்ட்டில் களிம்பு மாதிரி ஒன்று. விரலில் எடுத்து என் உள்ளங்கையில் தேய்த்தார். பென்சில் கரி போலக் கறுத்தது. "இது ஸ்டீல் சிப்ஸ் இல்ல தம்பி. வார்ப்பிரும்புத் தூள்." ஸ்டீல் சுருள் சுருளாக வரும். வார்ப்பிரும்பு பொடியாக உதிரும். அதில் கிராஃபைட் இருப்பதால் கையில் கறுக்கும். அந்தப் பொடி ஆயிலோடு சேர்ந்தால் வால்வுக்குப் போடும் கிரைண்டிங் பேஸ்ட் மாதிரி ஆகிவிடும். சேடிலுக்கு அடியில் அது இருந்தால் மெஷின் ஓடும்போதெல்லாம் பெட்டைத் தானே அரைத்துக்கொண்டிருக்கும்.

விற்பவரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "நான் வாங்கிப் பத்து வருஷமாச்சுங்க, எங்கிட்ட ஷாஃப்ட்தான். அதுக்கு முந்தி இம்பெல்லர் கடையற பட்டறையில இருந்துச்சுன்னு சொன்னாங்க." அவர் சொன்னது பொய்யில்லை; அவருக்குத் தெரிந்த பத்து வருஷத்தைச் சொன்னார். வார்ப்பிரும்பு இம்பெல்லர் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), சின்ன வேலை, சக்கை ஒட்டியே டூல். பெட்டின் தேய்மானத்துக்குக் கணக்கு நேராயிற்று.

ஆனால் இன்னொரு கணக்கு இடித்தது. 0.14 பருக்கும் லேத்தில் இவர் எப்படிப் பத்து வருஷம் ஷாஃப்ட் ஓட்டினார்?

ஸ்பிண்டில்

அதை அப்படியே விட்டுவிட்டு ஸ்பிண்டிலுக்குப் போனோம். சக்கில் எதையாவது பிடித்து அதன் ஆட்டத்தைப் பார்த்து ஸ்பிண்டிலைக் குறை சொல்லக் கூடாது. பழைய சக்கின் ஜா (வேலையைக் கவ்வும் தாடை) வாய் அகன்று மணி மாதிரி ஆகியிருக்கும். அது சக்கின் குற்றம். சக்கைக் கழற்றி ஸ்பிண்டில் மூக்கின் சுத்தமான பாகத்தில் டயலை வைத்தோம். கையால் சுற்றினால் 0.01. நல்லது.

அடுத்தது தூக்கிப் பார்ப்பது. சக்கைத் திரும்ப மாட்டி, ராடைப் பிடித்து, பெட் மேல் மரக்கட்டை வைத்துக் குழாயால் நெம்பினோம். டயல் முள் ஸ்பிண்டில் மூக்கின் மேல். ராடின் மேல் வைத்தால் ராடு வளைவதும் கணக்கில் சேர்ந்துவிடும். 0.08 தூக்கியது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கன்மெட்டல் பேரிங்குக்கு ஆயில் நிற்க 0.03 அளவு இடைவெளி வேண்டும்தான், 0.08 வேண்டாம்.

ஃபோர்மேன் டார்ச்சை வாங்கி, பேரிங் மூடியும் கீழ்ப்பாதியும் சேரும் கோட்டைப் பார்த்தார். மூடிக்கு அடியில் பித்தளைத் தகடுகள் அடுக்காக இருந்தன. "இன்னும் நாலு தகடு பாக்கி இருக்குது. ஒண்ணை உருவினா சரியாப் போச்சு." தகடெல்லாம் எடுத்தாகிவிட்டு, மூடி கீழ்ப்பாதியோடு முட்டி நின்றபின்னும் ஆடினால்தான் புது பேரிங் வார்க்க வேண்டும். இரண்டு ஆயில் கப்பில் ஒன்றில் திரி காய்ந்து கருகியிருந்தது. அதைக் குறித்துக்கொண்டோம், பேரத்துக்கு உதவும்.

அரை மணி ஓட்டியதில் முன் பேரிங் வெதுவெதுப்பாக இருந்தது; கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிந்தது. சத்தம் மாறவில்லை.

குமிழ் அசையவில்லை

கடைசியில் கடைந்து பார்க்க வேண்டும். எல்லா டயலும் சொல்வதைவிட, வெட்டிப் பார்த்த ராடு சொல்வதற்கு மதிப்பு அதிகம். ராடைச் சக்கில் பிடித்து, டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல், நடுவில் குறுக்கிவிட்டு 200 மி.மீ. இடைவெளியில் இரண்டு வளையம் விட்டேன். கூர்மையான டூல், மெல்லிய வெட்டு. அதே அளவில் மீண்டும் இரண்டு தடவை ஓட்டினேன், ராடு வளைந்து தப்பிய மிச்சமும் போகட்டும் என்று. டெயில்ஸ்டாக் இல்லாததால், இந்தச் சோதனையில் தவறு வந்தால் அது ஹெட்ஸ்டாக்கின் திசையிலோ பெட்டிலோதான்.

முனை வளையம் சக் பக்க வளையத்தைவிட 0.03 பருமன்.

தேய்மானம் இதற்குக் காரணமாக முடியாது. இந்த 200 மி.மீ.-க்குள் தேய்மானம் மாறவே இல்லை என்று சற்று முன்தான் அளந்தோம். மேலும், தேய்மானத்தால் பருக்க வேண்டியது சக் பக்கம். இங்கே பருத்தது மறுபக்கம். அப்படியானால் ஹெட்ஸ்டாக் திரும்பியிருக்கிறது, அல்லது பெட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஹெட்ஸ்டாக் என்றால் பெரிய வேலை. முறுக்கு என்றால் காலுக்குத் தகடு வைத்தால் போயிற்று.

லெவலை எடுத்துச் சேடில் மேல் குறுக்காக வைத்தேன். சக் பக்கம் ஒரு தடவை, வால் பக்கம் ஒரு தடவை. இடையே ஒரு மீட்டர். குமிழ் அசையவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே கோட்டில் நின்றது.

"பெட் நேரா இருக்குதுங்க ஐயா. ஹெட்ஸ்டாக்தான்" என்றேன். மனசுக்குள் அந்த மெஷினை விட்டாயிற்று.

ஃபோர்மேன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சேடில் எது மேல உக்காந்திருக்குது?" என்று கேட்டார்.

தேய்ந்த வழி மேல். எனக்குச் சட்டென்று உறைத்தது. சக் பக்கம் சேடில் 120-க்கு 0.05 நம் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நானேதான் அளந்தேன். மீட்டருக்கு 0.42 மி.மீ., லெவலில் நான்கு கோடு. பெட் நேராக இருந்திருந்தால் சக் பக்கத்துக்கும் வால் பக்கத்துக்கும் குமிழ் நான்கு கோடு வித்தியாசம் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை என்றால், வேறொன்று அதை எதிர்ப்பக்கமிருந்து சமன் செய்துகொண்டிருக்கிறது.

லெவலைச் சேடிலில் இருந்து எடுத்து, டெயில்ஸ்டாக் வழியின் மேல் சரியான கட்டைகளை வைத்து அதன் மேல் வைத்தோம். தேயாத வழி. இப்போது குமிழ் நான்கு கோடு ஓடியது. வால் பக்கம் பெட் நம் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கணக்கும் பொருந்தியது: மீட்டருக்கு 0.4 முறுக்கு என்றால் 200 மி.மீ.-இல் 0.08, டூல் உயரம் 165-க்கு அது 0.013, விட்டத்தில் 0.026. நாங்கள் வெட்டிப் பார்த்தது 0.03.

குனிந்து காலைப் பார்த்தோம். மூன்று கால்களுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்து ஒழுங்காக இறுக்கியிருந்தார்கள். வால் பக்க முன்காலுக்குத் தகடு இல்லை. வெறும் தரையில் போல்ட்டைப் போட்டு இறுக்கியிருந்தார்கள். தகடு நழுவி விழுந்திருக்கும் என்று நான் நினைத்தேன். ஃபோர்மேன் தலையை ஆட்டினார். "விழலை தம்பி. எவனோ தெரிஞ்சுதான் எடுத்திருக்கான்."

யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்க வேண்டும். தேய்மானத்தால் சக் பக்கம் 0.14 பருக்கும். வால் பக்கத்தை முறுக்கிவிட்டால் அங்கே 0.13 பருக்கும். ஷாஃப்டின் இரண்டு முனையையும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் ஒரு நூறிலொரு மில்லிமீட்டர்தான். சக்கிலிருந்து ஓரடி தள்ளி 0.05 அளவுக்கு ஒரு வயிறு விழுந்திருக்கும். அதை எமரித் தாள் பார்த்துக்கொண்டிருக்கும். பெட் கிரைண்டிங்குக்குக் காசில்லாத ஒரு பட்டறையில், ஒரு டர்னர் ஒரே ஒரு தகட்டை உருவிவிட்டுப் பத்து வருஷம் ஷாஃப்ட் ஓட்டியிருக்கிறார். அவர் யாரென்று விற்பவருக்கு நினைவிருந்தது. வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாராம். அவரைப் பார்க்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

விற்பவரிடம் அனுமதி கேட்டு, போல்ட்டைத் தளர்த்தி, காலுக்கு அடியில் அரை மி.மீ. தகடு ஒன்றைச் செருகி, மீண்டும் இறுக்கினோம். டெயில்ஸ்டாக் வழியில் குமிழ் இரண்டு பக்கமும் ஒரே இடத்துக்கு வந்தது. வளையங்களை மறுபடி வெட்டினேன். வித்தியாசம் 0.01-க்குள். ஹெட்ஸ்டாக் நேராகத்தான் இருந்தது.

தவறு எந்தத் திசையில் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பெர்லினில் பேராசிரியராக இருந்த கியோர்க் ஷ்லெசிங்கர் 1927-இல் மெஷின் டூல்களுக்கான பரிசோதனை முறையை வகுத்துத் தந்தார். இன்று லேத்துக்கு இருக்கும் ஐ.எஸ்.ஓ. 1708 அந்த வழியில் வந்ததுதான். அதில் அளவுகளைவிட எனக்குப் பிடித்தது, தவறு எந்தப் பக்கம் இருக்கலாம் என்று அது சொல்வது. ஸ்பிண்டிலில் செருகிய டெஸ்ட் பாரின் முனை மேலே போகலாம், கீழே போகக் கூடாது. டூல் பக்கம் வரலாம், எதிர்ப்பக்கம் போகக் கூடாது. டெயில்ஸ்டாக் உயரமாக இருக்கலாம், தாழ்ந்திருக்கக் கூடாது. வேலையின் தட்டை முகத்தைக் கடைந்தால் நடுவில் குழியலாம், புடைக்கக் கூடாது. தேய்மானமும் வேலையின் பாரமும் எந்தப் பக்கம் இழுக்குமோ அதற்கு எதிர்ப்பக்கம் புது மெஷினில் கொஞ்சம் முன்பணம் கட்டி வைக்கிறார்கள். பழைய மெஷினில் அந்த முன்பணத்தில் எவ்வளவு பாக்கி என்று பார்க்கிறோம். எங்கள் லேத்தில் டெயில்ஸ்டாக் 0.12 தாழ்ந்திருந்தது, பாக்கி தீர்ந்து கடனில் இருந்தது. அதன் அடிக்கட்டைக்கும் உடலுக்கும் நடுவே தகடு வைத்தால் போதும். 150 மி.மீ. தட்டு ஒன்றை முகம் கடைந்து பார்த்ததில் நடுவில் லேசான குழிவு. சரி.

மற்றவை

கிராஸ் ஸ்லைடு கைப்பிடி பதினெட்டுக் கோடு சும்மா சுற்றியது. இதைப் பார்த்து விலகிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. கன்மெட்டல் நட்டு ஒன்றைக் கடைந்து போட்டால் முடிந்தது, அதை இதே லேத்திலேயே கடையலாம். ஸ்க்ரூ நடுவில் மட்டும் தேய்ந்து இரண்டு முனையிலும் இறுக்கமாக இருந்தால்தான் கவலை. இதில் எங்கும் ஒரே அளவு.

லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டைச் சக் பக்கம் மூடி ஆட்டிப் பார்த்தேன், வால் பக்கமும் மூடி ஆட்டிப் பார்த்தேன். பெரிய வித்தியாசமில்லை. வேகத்தைக் குறைக்கும் பேக் கியரை மெல்லச் சுற்றி ஒவ்வொரு பல்லாகப் பார்த்ததில் இரண்டு பல் பித்தளை நிறத்தில் இருந்தது. பிரேசிங் வைத்துக் கட்டியது. சக் இறுகிப் போனால் பேக் கியரையும் பூட்டையும் சேர்த்துப் போட்டு ஸ்பிண்டிலை நிறுத்தி, சக்கைத் தட்டிக் கழற்றுவார்கள். பல் உடைவது அதில்தான். கட்டியவர் நன்றாகக் கட்டியிருந்தார்.

கேப் பீஸ் (பெரிய வேலைக்காகச் சக்கை ஒட்டிக் கழற்றக்கூடிய பெட் துண்டு) இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, வரும்போதே இல்லை என்றார். பழைய லேத் வாங்கும் யாருக்கும் இந்தப் பதில் பழக்கமானதுதான். கழற்றியதைத் திரும்ப மாட்டினால் சரியாக உட்காராமல் ஒரு படி நிற்கும் என்பதால், இல்லாததில் எனக்கு வருத்தம் குறைவு.

வருத்தம் வேறொன்றில். மரை வெட்ட மாற்றி மாற்றி மாட்டும் பல்சக்கரங்கள் ஒரு கோணிப்பையில் இருந்தன. கொட்டி எண்ணினேன். 127 பல் சக்கரம் இல்லை. இன்ச் லீட் ஸ்க்ரூவில் மெட்ரிக் மரை வெட்ட அது வேண்டும். ஒரு இன்ச் 25.4 மி.மீ.; அதை முழு எண்ணாக்க ஐந்தால் பெருக்கினால் 127. நான்கு மரை லீட் ஸ்க்ரூவின் பிட்ச் 6.35 மி.மீ. அதில் 1.5 பிட்ச் வெட்ட 30-க்கு 127 என்ற விகிதம் கச்சிதமாக வரும். இன்று வரும் வேலையெல்லாம் மெட்ரிக். அந்தச் சக்கரம் இல்லாமல் இந்த லேத்தில் எம்12 போல்ட்டுக்குக்கூடக் கச்சிதமாக மரை வெட்ட முடியாது. அது இருந்தாலும் மெட்ரிக் வெட்டும்போது ஹாஃப் நட்டைத் திறக்காமல், மோட்டாரைத் திருப்பித் திருப்பித்தான் ஓட்ட வேண்டும். அது பழகிவிடும்.

மோட்டார் 2 ஹெச்.பி., த்ரீ ஃபேஸ். எங்கள் வீட்டில் த்ரீ ஃபேஸ் இருந்ததால் அந்தத் தலைவலி இல்லை.

விலை

பழைய இரும்புக் கணக்கில் பார்த்தால் மெஷின் டன்னுக்குச் சற்றுக் குறைவு. அதுதான் தரை, அதற்குக் கீழே யாரும் தர மாட்டார்கள். பெட் கிரைண்டிங், சேடிலுக்கு ஒட்டுப் போட்டு ஸ்கிரேப்பிங் (சுரண்டிச் சமன் செய்வது) எல்லாம் செய்தால் மெஷின் விலையில் பாதிக்கு மேல் போய்விடும். ஆனால் எனக்கு அது வேண்டுமா? என் வேலையில் முக்கால்வாசி நூறு மி.மீ.-க்குள் முடிந்துவிடும். இந்த லேத்தின் குறை எனக்கு வராத வேலையில் இருந்தது. ஷாஃப்ட் பட்டறை வைக்கப் போகிறவர் ஒருவர் என்னோடு வந்திருந்தால், அவருக்கு வாங்காதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

விற்பவரிடம் தேய்மானத்தைப் பற்றி நாங்கள் அதிகம் பேசவில்லை. அளந்ததை அவரும் கூட நின்று பார்த்தார். 127 சக்கரம், கேப் பீஸ், சக் ஜா, ஆயில் கப் திரி என்று கண்ணால் பார்க்கக் கூடியதை மட்டும் சொன்னோம். டீ வந்தது. ஃபோர்மேன் இரண்டாவது டீயையும் குடித்து முடிக்கும் வரை யாரும் விலை பேசவில்லை. 98,000-க்கு முடிந்தது, கிரேன் செலவு என்னுடையது.

தூக்கும்போது நான் செய்ததில் ஒன்று மட்டும்: பெல்ட்டை பெட்டுக்கு அடியில் கொடுத்து, லீட் ஸ்க்ரூ மேல் படாமல் கட்டை வைத்து, சமன் நிற்கும் வரை சேடிலை வால் பக்கம் தள்ளி வைத்தேன். கிரேன்காரர் சீக்கிரம் என்றார். லீட் ஸ்க்ரூ வளைந்து வந்த லேத்தைப் பார்த்திருக்கிறேன் என்பதால் நான் அவசரப்படவில்லை.

ஷெட்டில் இறக்கி, நான்கு காலுக்கும் லெவலிங் போல்ட் போட்டு, டெயில்ஸ்டாக் வழியில் வைத்துப் பார்த்து லெவல் செய்தேன். பேரிங் மூடியின் தகடு ஒன்றை உருவியதும் ஸ்பிண்டில் தூக்கல் 0.03-க்கு வந்தது. 127 பல் சக்கரத்தைப் பழைய சாமான் கடைகளில் தேடிக் கிடைக்காமல், கடைசியில் கியர் வெட்டும் ஒருவரிடம் புதிதாகச் செய்து வாங்கினேன். வேலை வரத் தொடங்கியது. புஷ், புஷ், மறுபடி புஷ்.

நான்காவது மாதம் தோப்பு வைத்திருக்கும் ஒருவர் ஒரு ஷாஃப்டோடு வந்தார். 900 மி.மீ. நீளம், தேங்காய் உரிக்கும் மெஷினுடையது. முனைகள் இரண்டும் ஒத்து வந்தால் போதும், நடுவில் பேரிங் கிடையாது. வேறு இடத்துக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். பிறகு லெவலை எடுத்து டெயில்ஸ்டாக் வழியில் வைத்து, வால் பக்க முன்காலின் போல்ட்டைக் குமிழைப் பார்த்தபடியே மெல்ல இறக்கினேன். நான்கு கோடு நகர்ந்ததும் நிறுத்தினேன்.